பாதி இறக்கிய ஷட்டர்

உக்காருங்கக்கா, யாரும் வரல. கூடையைக் காலுக்கு நடுவுல தள்ளி வச்சுக்கங்க. ஜன்னல் பக்கம் மட்டும் நான் இருந்துக்கிறேன், இன்னைக்கு ஒரு நாள் விட்டுக்குடுங்க, எனக்குக் காத்து வேணும். பரீட்சைக்குப் போறேன். குரூப் ஃபோர். ஒன்பது மணிக்கு கேட்டை மூடிடுவாங்க, அதுக்கு மேல யாரு வந்து கெஞ்சினாலும் உள்ள விட மாட்டாங்க. இந்த வண்டி எட்டரைக்குள்ள டவுனுக்குப் போயிடும் இல்ல? ஞாயித்துக்கிழமைன்னு முன்னாடி வண்டியை நிறுத்திட்டானுங்க. கேட்டா, டிரைவர் வரலையாம்.

நல்லா படிச்சிருக்கியான்னு கேக்குறீங்க. என்னத்தைச் சொல்ல. படிக்க விட்டாத்தானேக்கா.

வீட்டுல யாரும் தடுக்கல, அதைச் சொல்லக் கூடாது. எங்க மாமியார் வாயைத் திறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, புத்தகத்தைக் கையில எடுத்தா மட்டும் உரல்ல எதையாவது போட்டு இடிக்க ஆரம்பிப்பாங்க. போன தடவை ரெண்டே ரெண்டு கேள்வியில போச்சு எனக்கு. ரெண்டு கேள்வி. அதைச் சரியா அடிச்சிருந்தா இந்நேரம் ஏதாவது ஒரு தாலுகா ஆபீஸ்ல உக்காந்து சீல் குத்திக்கிட்டு இருப்பேன். எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு, சுகந்தி, இது கடைசி, இதுவும் போச்சுன்னா எங்க சித்தப்பா ஜவுளிக்கடையில போய் நில்லு, காலையில ஒன்பது டு ராத்திரி ஒன்பதுன்னு. நிக்கிறதுக்குத்தான் நான் டிகிரி படிச்சேனாக்கா? உக்கார ஒரு நாற்காலி. அவ்வளவுதான் நான் கேக்குறது.

அதனாலதான் லைப்ரரிக்குப் போனேன். எங்க ஊரு கிளை நூலகம், பார்த்திருப்பீங்க, பால் சொசைட்டிக்குப் பின்னாடி. பேருதான் நூலகம். ஒரே ஒரு ஹால், நாலு பெஞ்சு, ரெண்டு ஃபேன் தொங்கும், ஒண்ணுதான் சுத்தும். காலையில எட்டரையில இருந்து பன்னெண்டு வரைக்கும், அப்புறம் சாயங்காலம் நாலுல இருந்து ஏழு. காலையில பூரா பேப்பர் படிக்கிற ஆம்பளைங்க கூட்டம். நடுப்பக்கம் எனக்கு, விளையாட்டுப் பக்கம் உனக்குன்னு பங்கு பிரிச்சுக்கிட்டு, படிக்கிறது கால் மணி நேரம், சண்டை ஒன்றரை மணி நேரம். எனக்கோ பன்னெண்டுக்கு முன்னாடி சமையல் முடியாது. நாலேகாலுக்குப் பையன் ஸ்கூல்ல இருந்து வந்துடுவான். நடுவுல இருக்கிற நாலு மணி நேரம்தான் எனக்குன்னு சாமி குடுத்தது, அந்த நாலு மணி நேரமும் லைப்ரரி பூட்டிக் கிடக்கும்.

பூட்டிக் கிடக்கணும், கணக்குப்படி. ஆனா எங்க நூலகர் மேடம், பொற்கொடின்னு பேரு, அவங்க ஒன்றரை மணி நேரம் பஸ்ல வர்றவங்க. மத்தியானம் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. அதனால ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளேயே இருப்பாங்க. சோத்து டப்பாவைத் திறந்து சாப்பிட்டுட்டு, ரெஜிஸ்டரு எழுதிக்கிட்டு, கொஞ்சம் கண் அசருவாங்க. ஒரு நாள் நான் போய் நின்னேன். நிலைமையைச் சொன்னேன். யோசிச்சாங்க. அப்புறம், குனிஞ்சு உள்ள வா, செருப்பை வெளிய விடாத, உள்ள எடுத்துட்டு வா, யாராவது பார்த்தா எனக்குத்தான் வம்புன்னாங்க. அதுக்கு நான் நன்றி கெட்டவ இல்ல. முறுக்கு சுட்டா எடுத்துட்டுப் போய்க் குடுப்பேன்.

ஆனா நான் மட்டும்னா பரவாயில்லையே. ஏற்கெனவே உள்ள ஒருத்தி உக்காந்திருந்தா.

ரோஸ்லின். சின்னப் பொண்ணு, இருபத்தி நாலு இருக்கும். இந்த ரூட்லதான், மில் கேட்டுன்னு ஒரு ஸ்டாப் வரும், அங்க வீடு. அப்பா இல்ல. சாயங்காலம் எங்க ஊரு ஜெராக்ஸ் கடையில வேலை, அதுக்கு முன்னாடி இங்க படிப்பு. அவ்வளவு தூரத்துல இருந்து சைக்கிள்ல வந்து பதினொன்றரைக்கெல்லாம் உக்காந்துடுவா. எங்க உக்காருவா? சுத்துற ஃபேனுக்கு நேர் கீழ. பக்கத்துத் தெருவுல இருந்து வர்ற எனக்கு, சுத்தாத ஃபேனுக்குக் கீழ. இந்தப் பங்குனி வெயிலை நினைச்சுப் பாருங்க. ஷட்டர் வேற பாதி இறக்கியிருக்கு. வேர்வை சொட்டி நோட்டுல மை ஊறும். மேடத்துக்கிட்ட ஜாடையாச் சொன்னேன், மாத்தி மாத்தி உக்காந்தா என்ன மேடம்னு. முதல்ல வந்தவங்க உக்காருறாங்க சுகந்தி, நீயும் சீக்கிரம் வாயேன்னாங்க. எப்படி வர்றது? சோத்தை யாரு வடிக்கிறது?

அவளும் வாய் தொறந்து, அக்கா நீங்க இங்க உக்காருங்கன்னு ஒரு நாள்… இல்ல, சொன்னா. சொன்னா, ரெண்டு மூணு தடவை சொன்னா. நான்தான் வேணாம்னேன். பாவம்னு பார்த்து விட்டுக்குடுக்கிற இடத்துல போய் உக்கார எனக்கு என்னக்கா தலையெழுத்தா?

இடத்தை விடுங்க. புத்தகம்தான் பெரிய சண்டை. பழைய பாடத்திட்டம் சமூக அறிவியல், ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் ஒண்ணா பைண்ட் பண்ணி ஒரே புத்தகமா இருந்துச்சு. யாரோ ரிட்டயர்டு வாத்தியார் குடுத்தது. இப்ப அதெல்லாம் அச்சடிக்கிறது இல்ல, ஆனா கேள்வி மட்டும் அதுல இருந்து வருது. போன்ல பார்க்கலாமேன்னுவீங்க. நான் போனை எடுத்தா எங்க வீட்டுல அது படிப்பா தெரியாது. அந்த ஒரு புத்தகம்தான், ரெண்டு பேருக்கும். நான் உள்ள நுழையறப்போ அது எப்பவும் அவ கையில. அவ எழுதி முடிச்சுக் குடுக்கிறப்போ மணி ரெண்டரை. கணக்குப் போட்டுப் பாருங்க, எனக்கு மிஞ்சறது ஒன்றரை மணி நேரம்.

அதனால நான் ஒரு காரியம் பண்ணேன். தப்புன்னு சொல்ல முடியாது. போறப்போ அந்தப் புத்தகத்தை எடுத்து மருத்துவ அலமாரியில, மூலிகை புத்தகத்துக்குப் பின்னாடி வச்சிட்டுப் போனேன். அந்தப் பக்கம் யாரும் கை வைக்க மாட்டாங்க. மறுநாள் நான் வந்து எடுத்துக்குவேன், நோட்டுக்கு நடுவுல வச்சுப் படிப்பேன், திரும்ப அங்கேயே வைப்பேன். வீட்டுக்கா கொண்டு போனேன்? பக்கத்தைக் கிழிச்சேனா? லைப்ரரி புத்தகம் லைப்ரரிக்குள்ளதானே இருந்துச்சு.

ரோஸ்லின் தேடுனா பாருங்க, ஒரு வாரம். ஒவ்வொரு தட்டா எடுத்து வச்சு அடுக்கி, முட்டி போட்டுக் கீழ்த் தட்டெல்லாம் பார்த்து. எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு. அக்கா நீங்க பார்த்தீங்களான்னா. நானும் சேர்ந்து தேடுனேன். பின்ன என்ன பண்றது, பக்கத்துல உக்காந்திருக்கிறப்போ சும்மா இருந்தா நல்லாவா இருக்கும்?

கடைசியில மேடமே கண்டுபிடிச்சாங்க, தூசி தட்டுறப்போ. யாரு வச்சதுன்னு கேக்கல. ஒரே ஒரு பார்வை. அதுக்கப்புறம் அந்தப் புத்தகத்தை பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க. கையெழுத்துப் போட்டு வாங்கணும், ஆளுக்கு ஒரு மணி நேரம், மணி அடிச்ச மாதிரி திருப்பிக் குடுக்கணும். டிகிரி படிச்சவ, கல்யாணம் ஆனவ, ஒரு பையனுக்கு அம்மா, நான் கையை நீட்டி நிக்கிறேன், அவங்க சாவியை எடுத்துத் திறக்குறாங்க. அதுவும் எழுதுறப்போ முதல் பேரு ரோஸ்லின். ரெண்டாவது சுகந்தி. தினமும் அப்படித்தான். நாற்பத்தஞ்சு நாள் இருக்கு பரீட்சைக்கு. வயிறு எரியுமா எரியாதா?

டிக்கெட்டா? எடுத்துட்டேன், இந்தாங்க. கண்டக்டரு ரெண்டாவது தடவை கேக்குறாரு. கூட்டம் ஏறிக்கிட்டே இருக்கு பாருங்க, ஒரு ஸ்டாப் விடாம நிறுத்துறாரு. மணி என்னக்கா? ஏழு நாற்பதா. சரி.

அந்த எரிச்சல்லதான் நான் ஒரு புகார் லெட்டரைப் போட்டேன். என்ன எழுதினேன், பொய்யா எழுதினேன்? வேலை நேரம் முடிஞ்ச பிறகும் நூலகத்தை ஷட்டரைப் பாதி இறக்கி வச்சு வேண்டியவங்களுக்கு மட்டும் திறந்து வைக்கிறாங்க, பொதுப் புத்தகத்தை பீரோவுல வச்சுப் பூட்டுறாங்க, ஒரு மின்விசிறி ரெண்டு வருஷமா ஓடல. மூணும் நிஜம். கீழ, இப்படிக்கு ஊர்ப் பொதுமக்கள். எல்லாரும் அப்படித்தானே போடுவாங்க. மாவட்ட ஆபீசுக்கு ஒண்ணு, கலெக்டர் ஆபீசுக்கு ஒண்ணு. யாராவது வந்து பார்ப்பாங்க, ஃபேனைப் போடுவாங்க, புத்தகத்தை வெளிய வைக்கச் சொல்லுவாங்க, வேண்டியவங்கன்னு இருக்கிறவளை நாலு கேள்வி கேப்பாங்கன்னு நினைச்சேன். நானும் அந்த ஷட்டருக்கு உள்ளதான் இருக்கேன்கிறது… அது அப்பத் தோணல. கோவத்துல யாருக்கு என்ன தோணும்.

கையால எழுதினா மேடம் கண்டுபிடிச்சுடுவாங்க, தினமும் என் கையெழுத்தைப் பார்க்கிறவங்க. அதனால டைப் அடிச்சேன். எங்க ஊருல தமிழ் டைப் அடிக்கிற கடை ஒண்ணே ஒண்ணுதான், ரோஸ்லின் வேலை பார்க்கிற ஜெராக்ஸ் கடை. நான் என்ன, வேணும்னா அங்க போனேன்? மத்தியானம் அவ லைப்ரரியில இருக்கிற நேரமா பார்த்துப் போனேன், ஓனரே அடிச்சுக் குடுத்தாரு. தினமும் பட்டா, ரேஷன் கார்டுன்னு நூறு மனு அடிக்கிறவரு, என்ன ஏதுன்னு நிமிர்ந்துகூடப் பார்க்கல.

யாரும் வந்து பார்க்கலக்கா. அதுதான் கொடுமை. மூணாவது வாரம் அந்த லெட்டரே சுத்திச் சுத்தி மேடம் மேசைக்கு வந்துடுச்சு. மேல ஒரு தாளைக் குத்தி, இதுக்கு ஏழு நாளைக்குள்ள விளக்கம் குடுன்னு. யாரு மேல புகாரோ அவங்க கிட்டயே அனுப்பினா இது என்ன கவர்மெண்டு?

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு எங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. முழுசாப் படிச்சாங்க, ஊர்ப் பொதுமக்கள் வரைக்கும். மேடத்துக்குக் கோவம் வந்திருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். கோவமே இல்ல. இன்னும் மூணு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு, இதுவரைக்கும் ஒரு மெமோ வாங்கினது இல்லன்னாங்க. அப்புறம் தாளை ரோஸ்லின் பக்கம் திருப்பினாங்க. ஓரத்துல மேல இருந்து கீழ வரைக்கும் மெல்லிசா ஒரு கருப்புக் கோடு. இது உங்க கடை பிரிண்டருதானேம்மான்னு கேட்டாங்க.

அவ பார்த்தா. இல்லன்னு சொல்லியிருக்கலாம். ஆமா மேடம், எங்க கடையிலதான், கோடு விழும்னா. அப்புறம், ஆனா நான் அடிக்கல மேடம்னா. அவ்வளவுதான். மேடம் தாளை மடிச்சு பையில வச்சாங்க. நான் உன் மேல ஒரு குறையும் வைக்கலையேம்மா, வாய்விட்டுக் கேட்டிருந்தா புத்தகத்தை உன்கிட்டயே குடுத்திருப்பேனேன்னாங்க. அவளுக்குக் கண்ணு நிறைஞ்சு போச்சு. என்னைத் திரும்பிப் பார்த்தா, நான் ஏதாவது அவளுக்காகப் பேசுவேன்னு.

என்னை யாருமே கேக்கலக்கா. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். சத்தியமா. நீயான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். கேக்காதப்போ நானா எப்படி ஆரம்பிக்கிறது? நான் நோட்டுல தேதி எழுதுனேன். அன்னைக்குத் தேதியையே நாலு தடவை எழுதியிருக்கேன், பின்னாடி பார்த்தா.

மறுநாள்ல இருந்து பன்னெண்டு அடிச்சா ஷட்டர் முழுசா இறங்கிடும், பூட்டும் போட்டுடுவாங்க. மேடம் பூட்டிட்டு பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்துக்குவாங்க, நாலு மணி வரைக்கும், அந்த வெயில்ல, டப்பாவை மடியில வச்சுக்கிட்டு. ரோஸ்லின் வர்றதே இல்ல. ஃபேனுக்குக் கீழ இப்ப நான்தான். எவ்வளவு நேரம்? ஓடி ஓடிப் போனா பன்னெண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும். புத்தகம் என் கையில, பத்து நிமிஷம். இதுக்குத்தான் இந்தப் பாடு.

என்னக்கா, என் மேலதான் தப்புங்கிறீங்களா? அந்த ஓனரு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல, யாரு வந்து அடிச்சதுன்னு. அந்த மாவட்ட ஆபீசு ஒரு ஆளை அனுப்பியிருக்கலாம் இல்ல. மேடமாவது ஆரம்பத்துலயே மாத்தி மாத்தி உக்காருங்கன்னு சொல்லியிருக்கலாம். எல்லாரும் பண்ணினதுக்கு நான் ஒருத்தி மூணு வாரமா தூங்காம இருக்கேன்.

இது எந்த ஸ்டாப்? மில் கேட்டா? நிறுத்த மாட்டாரு போல. நல்லதுதான், நிக்கக்கூட இடம் இல்ல, இப்பவே நேரம் ஆகுது.

எங்க? எந்தப் பொண்ணு?

தெரியலக்கா. யாரோ ஓடி வருது, சந்தைக்கா இருக்கும். கையில ஃபைலா? இங்க இருந்து தெரியல. அது எதுக்காவது ஓடி வரும், அடுத்த வண்டியில வரட்டும். அடுத்தது எட்டே முக்காலுக்கு இருக்கு. ஏன் அப்படிப் பார்க்குறீங்க? நான் என்ன பண்ண முடியும், பெல் அவரு கையில இருக்கு. அக்கா, எந்திரிக்காதீங்க, விழுந்துடப் போறீங்க. அக்கா, எதுக்கு இப்படிக் கத்துறீங்க, எல்லாரும் பார்க்கிறாங்க.

நிறுத்திட்டாரு.

சரி, நிறுத்திட்டாரு. ஏறிட்டா. ஆமா, அவதான். நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்களே, நான் என்ன சொல்றது. அக்கா, இங்க பாருங்க, உங்க காலைத் தொட்டுக் கேக்குறேன், நான் சொன்னது எதையும் அவகிட்ட சொல்லிடாதீங்க. இன்னைக்கு வேணாம். பரீட்சை முடியட்டும், நானே சொல்றேன். எந்திரிக்காதீங்க. அவளை இங்க கூப்பிடாதீங்க. நீங்க எங்க போறீங்க, நீங்க உக்காருங்கக்கா.

வா, ரோஸ்லின். உக்காரு, இவங்க இடம் குடுக்கிறாங்க. மூச்சு வாங்கிக்கோ முதல்ல. தண்ணி குடிக்கிறியா?

நானா? ஆமா. ஆமா, நான்தான் நிறுத்தச் சொன்னேன். ஜன்னல் வழியா பார்த்துட்டு… ஆமா. இதுக்கெல்லாம் எதுக்கு நன்றி. நான் இல்லாட்டி வேற யாராவது சொல்லியிருப்பாங்க.

மேடம் வந்தாங்களா? எப்போ? உங்க வீட்டுக்கா, நேத்தா? என்ன கேட்டாங்க?

அந்த லெட்டரைப் பத்தியா? என் பேரைச் சொல்லியா கேட்டாங்க?

நீ என்ன சொன்ன?

பைபிள் மேலயா? எதுக்கும்மா அப்படிச் சத்தியமெல்லாம் பண்ற. சுகந்தி அக்கா அப்படிச் செய்யவே மாட்டாங்கன்னு… அதுக்கு மேடம் என்ன சொன்னாங்க? எழுந்து போயிட்டாங்களா.

இல்ல, ஒண்ணும் இல்ல. நீ இந்த ஜன்னல் பக்கம் வந்து உக்காரு, காத்து வரும். விடு, பரீட்சைன்னா எனக்கு எப்பவும் இப்படித்தான்.